வீட்டார் கையெழுத்து

அப்படி ஒரு விதி அவளிடமிருந்த பட்டியலில் இல்லை.

"வீட்லேருந்து யாராச்சும் வந்து கையெழுத்துப் போடணும் சார். ஒய்ஃபை வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் உக்காருங்க."

கவுண்டரிலிருந்த பிலோமினா சொன்னாள். ஹெல்மெட்டும் கையுமாக நின்றவர் தலையாட்டிவிட்டுப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார்.

மருத்துவமனை லேபுக்குப் புது மென்பொருள் வரப்போகிறது. யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து யூஸ் கேஸ் என்ற படமாக வரைந்து கொடுப்பது, கவுண்டருக்குப் பக்கத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த அவளுடைய வேலை. ஆளுக்கு ஒரு குச்சி உருவம். காரியத்துக்கு ஒரு நீள்வட்டம். நடுவே ஒரு கோடு.

மூன்று நாளில் வரைந்து முடித்திருந்தாள். பதினோரு மணிக்குள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும்.

இனி முடிவு பதிவானதுமே ரிப்போர்ட் நேராக நோயாளியின் போனுக்குப் போய்விடும். கவுண்டர் வேண்டியதில்லை. பிலோமினாவின் உருவத்தை நேற்றுதான் அழித்திருந்தாள்.

எந்தப் பாரத்தில் கையெழுத்து என்று பிலோமினாவிடம் கேட்டாள்.

பிலோமினா பெஞ்சுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எந்த பாரத்துலயும் இல்லம்மா. தனியா வந்தவங்க கையில மோசமான ரிப்போர்ட்டக் கொடுக்க மாட்டேன். போன வருசம் ஒருத்தருக்குக் கொடுத்துட்டேன். பைக்க எடுத்துட்டுப் போனாரு. வீடு போய்ச் சேரல."



அவள் எழுந்தாள். தண்ணீர்க் குழாய்வரை போனாள். குடிக்காமல் திரும்பினாள்.

பத்தே முக்கால்.

மடிக்கணினியைத் திறந்து, ரிப்போர்ட்டுக்கும் போனுக்கும் இடையிலிருந்த கோட்டை எடுத்தாள். நடுவில் பிலோமினாவைத் திரும்ப நிறுத்தினாள். ஒரு நீள்வட்டம் போட்டாள்.

அதற்குள் என்ன எழுதுவது?

தன் மேனேஜர் ரங்கராஜுக்குப் போன் செய்தாள். பொறுமையாகத்தான் கேட்டார். ஊழியர் சொல்கிற பொய்யையெல்லாம் யூஸ் கேஸில் எழுத முடியாது என்றார். கவுண்டரை எடுக்கத்தானே இந்த வேலையையே கொடுத்திருக்கிறார்கள் என்றார்.

இரண்டும் உண்மை.

"அப்ப நான் கையெழுத்துப் போடல சார்."

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

அவள் போடாவிட்டால் வேறொருவர் போடுவார். சாயங்காலத்துக்குள் போட்டுவிடுவார்.

நீள்வட்டம் காலியாகவே இருந்தது. மடிக்கணினியை மூடினாள்.

பெஞ்சில் அவர் கால் மாற்றிக் கால் ஆட்டிக்கொண்டிருந்தார். மனைவி பஸ் ஏறிவிட்டாளாம், இன்னும் ஒரு மணி நேரமாகும் என்று பிலோமினாவிடம் உரக்கச் சொன்னார்.

அவள் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்களும் ரிப்போர்ட் வாங்கத்தானாம்மா?"

ஆமாம் என்றாள்.