வேகத்தடை மீது ஒரு மனு

சந்தைக்குப் போகும் சாலையில் ஒரு வேகத்தடை இருந்தது. அதில் ஏறி இறங்காத வண்டியும் இல்லை, அதைத் திட்டாத வண்டியும் இல்லை. ஒருநாள் மஞ்சள் ஆட்டோ ஒன்று, லாரி, பஸ், பைக் என்று எல்லாரிடமும் டயர் தடம் வாங்கி, வேகத்தடையை நீக்கச் சொல்லி ஒரு மனு தயார் செய்தது. ரோடு ரோலரிடம் அதைக் கொடுக்கப் போகும் வழியில் வேகத்தடையிடம் நின்றது.

"இந்த ரோட்டுல உன்னை வேணும்னு சொல்ல ஒருத்தர்கூட இல்ல. அப்புறம் யாருக்காகக் கெடக்குற?"

வேகத்தடைக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் முதுகைத் தாழ்த்தாமல் கிடந்தது.

ஆட்டோ அதைக் கடந்து பத்தடி போவதற்குள் பின் சக்கரத்தில் ஆணி ஏறியது. நகர முடியாமல் நடுரோட்டிலேயே நின்றுவிட்டது. பின்னால் ஜல்லி ஏற்றிய லாரி பறந்து வந்தது. ஆட்டோ வேகத்தடையைப் பார்த்துக் கத்தியது.

"அண்ணே, இருக்கீங்கல்ல?"

"இங்கதான் இருக்கேன்" என்றது வேகத்தடை.

லாரி பிரேக் போட்டது. வாய் நிறையத் திட்டிக்கொண்டே மெல்ல ஏறி இறங்கி, ஆட்டோவை உரசாமல் விலகிப் போனது.

சக்கரம் மாற்றியதும் ஆட்டோ மனுவைச் சுருட்டி சீட்டுக்கு அடியில் திணித்தது.

"ஆனா ஒண்ணுண்ணே. சவாரி அவசரத்துல வந்தா நான் திட்டத்தான் செய்வேன்."

வேகத்தடை தன் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் வெயிலில் பளபளக்க நிமிர்ந்து கிடந்தது.

"தாராளமாத் திட்டு. மெதுவா வந்து திட்டு."