ராசாத்தி மரம்

வில் செய்கிற மாசானம் காட்டுக்குள் நின்ற சடச்சி மரத்தைத் தடவிப் பார்த்து உருகிப்போனார். "ஒரு கணு கிடையாது! நாரெல்லாம் நூல் பிடிச்ச மாதிரி ஓடுது. எத்தனை வில் வரும்! நீதாம்மா என் ராசாத்தி!" மரத்தின் இடுப்பில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டுப் போனார்.

மரம் பூரித்துப்போனது.

"அக்கா, பூரிக்காதே. நாளைக்கு வெட்டத்தான் இந்தக் கயிறு" என்றது மரங்கொத்தி.

மரம் நடுங்கியது. "தம்பி, எப்படியாவது காப்பாத்துடா!"

மரங்கொத்தி அலகு வலிக்க வலிக்க மரத்தில் ஓட்டை ஓட்டையாகப் போட்டது.

மறுநாள் கோடரியோடு வந்த மாசானம் முகத்தைச் சுளித்தார். "சீ, சொத்தை!" கயிற்றை அவிழ்த்துப் பக்கத்து மரத்துக்குக் கட்டினார். "இனி நீதாம்மா ராசாத்தி!"

சடச்சிக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி, ஓட்டையெல்லாம் முன்பக்கம் மட்டும்தான்! கொஞ்சம் பின்னால வந்து பாருங்க!"