தனராஜுக்குப் படைத்தது

கோமதியின் முதல் கணவர் தனராஜின் நினைவு நாளில் அவர் படத்தின் முன் விஸ்கி படைப்போம். உயிரோடிருந்தபோது அவர் எலுமிச்சை பிழிந்து வீட்டிலேயே கலக்கி, அவளுக்கும் ஒரு வாய் கொடுப்பாராம். இப்போது கலக்குவது இரண்டாவது கணவனான நான். சாற்றை வடிகட்டி, சீனிப்பாகு காய்ச்சி, ஆரஞ்சுத் தோலைச் சுருளாகச் சீவிப் போடுவேன். படைத்தபின் கோமதி ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரை என்னிடம் தந்துவிடுவாள்.

இந்த வருஷம் எரிச்சலில் பாகே விடவில்லை. எலுமிச்சையைக் கொட்டையோடு பிழிந்து, தோலையும் கசக்கிப் போட்டேன். படத்தில் சிரிப்பவர் முகம் கோணட்டும்.

கற்பூரம் அணைந்தது. கோமதி கண்ணை மூடிக்கொண்டு டம்ளரைக் காலி செய்தாள்.

“அவர் கலக்குறது இதேதாங்க,” என்றாள். “இன்னும் கொஞ்சம் போடுறீங்களா?”