ஜோடி மவுஸ்

"அஞ்சு மணிக்கு இன்னும் பதினோரு நிமிஷம்தான் இருக்கு!" என்று அவன் நகத்தைக் கடித்தான். திரையில் புது மவுஸுக்கான சாப்ட்வேரோ எழுபத்தெட்டு சதவீதத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

ஒரு மவுஸ் வாங்க அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. எடை எத்தனை கிராம், பக்கவாட்டில் எத்தனை பட்டன், கைக்கு அடங்குமா என்று மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டான். கடைசியில் கம்பியில்லாத கேமிங் மவுஸ், ஒரே மாதிரி இரண்டு வாங்கி வந்தான்.

"இனிமே ரெண்டு பேரும் சேர்ந்து விளையாடலாம்" என்று மனைவியிடம் ஒன்றை நீட்டினான். அவசரக்குடுக்கை, இரண்டு பெட்டியையும் ஒரே மேஜையில் கொட்டி, அந்தந்த மவுஸின் சைகையை மட்டும் வாங்கும், நகம் அளவே இருந்த ரிசீவர்களை அவன் கம்ப்யூட்டரில் ஒன்றும் அவள் லேப்டாப்பில் ஒன்றுமாகச் செருகியும் விட்டான்.

அவன் அறையில் அவன் மவுஸை ஆட்டினாலும், பக்கத்து அறையில் அவள் மவுஸை ஆட்டினாலும், அவரவர் திரையில் அம்பு அசையவில்லை.

"இதுக்குன்னு சாப்ட்வேர் இருக்கு. அதைப் போட்டாத்தான் வேலை செய்யும்" என்றான், பெரிய விஞ்ஞானி மாதிரி. அது பெயர் கேட்டது, மின்னஞ்சல் கேட்டது, பிறந்த தேதி கேட்டது. "கல்யாணத்துக்குக்கூட என்னை இவ்வளவு கேக்கலடா சாமி!"

ஐந்து மணிக் கெடு மவுஸுக்கல்ல, மனைவிக்கு. வெளிநாட்டுக் கிளையில் இரண்டு வருஷம் பெரிய பதவி தருவதாகச் சொல்லி, இன்று ஐந்துக்குள் அவளிடம் பதில் கேட்டிருந்தது அலுவலகம். 'உன் இஷ்டம்' என்று பெரிய மனுஷன் போலச் சொல்லிவிட்டானே தவிர, ஒரு வாரமாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் பக்கத்து அறையிலிருந்து வந்து கதவோரம் நின்றாள்.

"என்னங்க, டச்பேட்ல விரலால தேய்ச்சுத் தேய்ச்சு 'சம்மதம்' பட்டன் மேல அம்பைக் கொண்டுபோய் நிறுத்திட்டேன். அழுத்தத்தான் கை வரல. ஒருதடவை அழுத்திட்டா மாத்தவே முடியாதாம்."

"ம்..."

"அந்த மவுஸை விட்டுட்டு என் மூஞ்சியைப் பாருங்களேன். போகட்டுமா?"

பார்த்தால் அழுதுவிடுவான். திரையையே பார்த்தான். சாப்ட்வேர் ஒருவழியாக நூறைத் தொட்டு, 'சோதனை: மவுஸை அசைக்காமல் இடது பட்டனை மூன்று முறை அழுத்தவும்' என்றது. அழுத்தினான். 'மவுஸ் தென்படவில்லை' என்றது.

"சனியனே!" என்று மவுஸைக் கையோடு எடுத்துக்கொண்டு எழுந்தான். எழுந்த வேகத்தில் எங்கிருந்தோ தைரியமும் வந்துவிட்டது.

"போகாதம்மா. நீ இல்லாம என்னால முடியாது."

அவள் முகம் மலர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதைச் சொல்ல ஒரு வாரமா? இருங்க, வேணாம்னு போட்டுட்டு வர்றேன்."

உள்ளே ஓடியவள், "ஐயோ!" என்று அலறினாள்.

மவுஸை நெஞ்சோடு அணைத்தபடியே அவன் பாய்ந்து வந்தான். அவள் திரையில், 'உங்கள் சம்மதம் பதிவாகிவிட்டது. நன்றி.'

"சத்தியமா நான் தொடவே இல்லைங்க!"

அவளுடைய மவுஸ் மேஜை ஓரத்தில் கவிழ்ந்து கிடந்தது. அவனுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. அவள் திரையில் இருந்த அம்பும் மேலும் கீழுமாக ஆடியது. அவள் அம்பைப் பார்த்தாள். பிறகு அவன் நெஞ்சைப் பார்த்தாள்.

"என்னங்க... நீங்க மூச்சு வாங்கினா, என் அம்பு ஏன் ஆடுது?"