விசில் ஊதும் வரை

இறுதி ஆட்டத்தின் பாதியில் மழை பிடித்துக்கொண்டது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தவில்லை. கபடிக் களம் சேறாகிவிட, பெண்கள் வழுக்கி விழுந்து எழுந்து ஆடினார்கள். கடைசி நிமிடத்தில் இரண்டு அணிகளும் சமநிலையில் இருந்தன. கபடி பாடி வந்த எதிரணிப் பெனிட்டா திரும்பி ஓடுகையில் இசக்கியம்மாள் பாய்ந்து அவள் கணுக்காலைப் பிடித்தாள். பெனிட்டாவின் உடம்பு ஒரு பக்கம் திரும்பியது. சேற்றில் சிக்கிய கால் திரும்பவில்லை. "விடுங்கக்கா, முட்டு போயிரும்!" என்று அலறினாள். மழை இரைச்சலில் நடுவருக்கு அது எட்டவில்லை. விட்டால் பெனிட்டா கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டு ஜெயித்துவிடுவாள். விசில் ஊதும் வரை பிடியை விடக்கூடாது என்பது இசக்கியம்மாள் ஆறு வருடமாகப் படித்த பாடம். கண்களை மூடிக்கொண்டு இறுக்கினாள். விசிலுக்கு முன்பே ஏதோ முறிவது அவள் கைக்குத் தெரிந்தது.

நான்காம் நாள் ஆரஞ்சுப் பழங்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெனிட்டாவின் கால் தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டில் இருந்தது. "மாநில அணியில உங்க பேரு வந்திருக்காம்லா? சந்தோசம்க்கா" என்றாள் பெனிட்டா. பிறகு தயங்கி, "நான் கத்துனது உங்களுக்குக் கேக்கலதான? எங்கம்மை நம்ப மாட்டேங்குறா" என்றாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தாய் இசக்கியம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச்சு" என்றாள் இசக்கியம்மாள்.

தாய் சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டாள். பெனிட்டா தன் மாவுக்கட்டைப் பார்த்தாள். "நானா இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.