ஆனைமுத்துவுக்குப் பின்னால் ஒரு வண்டி

அடுப்பு, கட்டில், அலமாரி எல்லாவற்றையும் வயிற்றில் சுமந்தபடி ஊர் ஊராகச் சுற்றும் வீட்டுவண்டி ஒன்று இருந்தது. அதன் பெயர் ஆனைமுத்து. அதன் உடம்புக்குச் சின்னத் தெருக்களில் நுழைய முடியாது. அதனால் போகிற ஊர்களில் அந்தத் தெருக்களுக்குள் போய்வர, பின்னால் கட்டி இழுத்துப் போக ஒரு துணை வண்டியைத் தேடியது.

முதலில் வந்தது ஜீப். "நான் பின்னால வந்தா உங்களுக்கே ஒரு கெத்துண்ணே" என்றது. ஆனைமுத்து மயங்கிவிட்டது. ஆனால் மலைப்பாதையின் மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே, ஜீப்பின் கனத்தை இழுக்க முடியாமல் ஆனைமுத்துவின் ரேடியேட்டர் கொதித்து ஆவி பறந்தது.

"இன்னும் கொஞ்சம் தம் கட்டுங்கண்ணே!" என்று பின்னாலிருந்து ஜீப் கத்தியது.

எப்படியோ அடிவாரத்துக்குத் திரும்பி வந்தபோது, மலையேறும் ஆசையே ஆனைமுத்துவுக்கு விட்டுப்போயிருந்தது.

அப்போதுதான் சிட்டு என்ற குட்டிக் கார் கூச்சத்தோடு கேட்டது: "நான் வரட்டாண்ணே? நியூட்ரல்ல போட்டு இழுத்தா போதும், நாலு சக்கரமும் தானா உருளும்."

"உன்னை இழுத்துட்டுப் போனா ஊரே சிரிக்குமேடா" என்று முனகிக்கொண்டே, வேறு வழியில்லாமல் அதைக் கட்டிக்கொண்டது ஆனைமுத்து.

இந்த முறை மூன்றாவது வளைவு போனதே தெரியவில்லை. எட்டாவது வளைவில் ஆனைமுத்துவுக்குத் திக்கென்றது. பின்னால் ஒரு கனமும் இல்லையே, கழன்று பள்ளத்தில் விழுந்துவிட்டதோ?

"சிட்டு! இருக்கியா?"

"இருக்கேண்ணே."

ஒன்பதாவது வளைவில் மறுபடியும் கேட்டது. பத்தாவதிலும் கேட்டது.

"பாரமா இருந்தாத்தான் நான் இருக்கேன்னு நம்புவீங்களாண்ணே?" என்று சிட்டு சிரித்தது.

ஆனைமுத்து வெட்கத்தோடு ஹாரனை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அடுத்த வளைவில் உற்சாகமாகத் திரும்பியது. திரும்பி முடித்ததும் மெல்லக் கேட்டது: "சிட்டு?"