அவசரத்தின் பொருள்

மனைவி இறந்தபின் தேவசகாயம் தனியாக இருந்தார். வெளிநாட்டிலிருக்கும் மகள் பெனிட்டாவை அழைத்தால், இருவருடைய கைபேசி உதவிச் செயலிகளும் முதலில் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். ஒவ்வொரு சொல்லுக்கும் இன்ன பொருள் என்று அவை ஒப்புக்கொண்டிருந்தன.

"அழைப்புக்கு என்ன காரணம்?" என்றது அவருடைய கைபேசி.

"சும்மாதான். அவ சத்தத்தக் கேக்கணும் போல இருக்கு."

"சும்மா என்றால் அவசரமில்லை என்று பொருள். ஞாயிற்றுக்கிழமை இணைக்கிறோம்."

"போன வாரமும் இதத்தான சொன்ன?"

அவர் சற்று யோசித்தார்.

"நெஞ்சு வலிக்குன்னு சொல்லு."

உடனே மணி அடித்தது.

"அப்பா! என்ன செய்யுது? பக்கத்துல யாரு இருக்கா?"

"ஒண்ணுமில்ல மக்களே. பொய் சொல்லிட்டேன்."

திட்டப்போகிறாள் என்று காத்திருந்தார். மறுமுனையில் நாற்காலி நகர்ந்தது, கதவு திறந்தது, மழைச் சத்தம் கேட்டது.

"வச்சிராதீங்கப்பா, வெளிய வந்துட்டேன்," என்றாள்.